குப்பை வண்டியும் பதினெட்டுப் புகைப்படங்களும்

வேலைக்குப் போகிறவர்களுக்காகவே நடத்தப்படும் எங்கள் மாலைநேரத் தொழில்நுட்பக் கல்லூரியின் அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடிவிடும். வகுப்பு ஆறரைக்கு. இடையில் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் என் வாழ்க்கையில் எட்டு மாதம் விழுந்து காணாமல் போனது.

என் பெயர் கான் சியூமெய். தாவ்யுவான் நகரில் மின்சுற்றுப் பலகை செய்யும் தொழிற்சாலையில், பலகைகளைச் சோதித்து அனுப்பும் வரிசையில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். போன செப்டம்பரில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. அடுத்த ஆகஸ்டில் எங்கள் வரிசை முழுவதும் வியட்நாமுக்குப் போகிறதாம். மின்னணுவியல் பட்டயம் வைத்திருப்பவர்கள் மட்டும் இங்கேயே டெக்னீஷியனாகத் தொடரலாம். சான்றிதழை ஜூன் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும். மற்றவர்களின் உழைப்பை நிர்வாகம் என்றும் மறக்காது என்று கடைசி வரியில் இருந்தது. மறக்க மாட்டோம் என்று ஒருவர் எழுதி ஒட்டினால் ஏற்கெனவே மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

மூன்று வருடமாக மாலையில் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுதான் பாக்கி. அது இறுதி ஆண்டு புராஜெக்ட். மூன்று பேர் சேர்ந்து ஒரு மின்னணுக் கருவி செய்து காட்ட வேண்டும். என்னோடு சேர்ந்தவர்கள் இருவர். பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற போஹான், இருபத்தாறு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கிற தூ அண்ணன், ஐம்பத்திரண்டு வயது.

என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. என் வீட்டுப் பால்கனியே சொல்லிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வென்பின் இருபது வருடம் தகடு அழுத்தும் இயந்திரத்தின் முன் நின்றவர். காது இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். எங்கள் ஊரில் குப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது. வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்; பையைத் தூக்கிக்கொண்டு ஓடி நம் கையாலேயே போட வேண்டும். தெருமுனை நேரப் பலகையில் ஏழு பத்து என்று இருக்கும், ஆனால் ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள் எப்போது வரும் என்பது அதன் இஷ்டம். மூன்று நிமிடம் நிற்கும். முன்பெல்லாம் பாட்டு கேட்டதும் நான் அவர் தோளைத் தட்டுவேன், அவர் பையோடு இறங்குவார். நான் கல்லூரியில் சேர்ந்தபின் தட்ட ஆளில்லை. மகள் யூன்ஷி அந்த நேரம் டியூஷனில் இருப்பாள். பைகள் பால்கனியில் குவிந்தன. "சியூமெய், உங்க வீட்டு வாசம் எங்க வீட்டு சூப்புல வருது" என்று கீழ்வீட்டுக்காரி லிஃப்டில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னாள்.

ஆகவே ஒரு பெட்டி செய்தோம். அது ஜன்னலில் உட்கார்ந்து வண்டியின் பாட்டைக் கேட்கும். மூன்று தெரு தள்ளி வரும்போதே கண்டுபிடித்துவிடும். உடனே வென்பின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை அதிரும். ஒரு மைக், உள்ளங்கையில் பாதி அளவு ஒரு பலகை, பழைய செல்போனிலிருந்து கழற்றிய அதிர்வு மோட்டார், அவ்வளவுதான். இரண்டாவது வாரமே வேலை செய்தது. அந்த மாதம் வென்பின் ஒரு பையைக்கூடத் தவறவிடவில்லை.

கருவி முடிந்துவிட்டது. இனி புராஜெக்ட்தான் பாக்கி.

எங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பேராசிரியர் ஓயாங். முதல் சந்திப்பில் எங்கள் படிவத்தை வாங்கிப் படித்தவர், சாப்பாட்டில் முடி கிடந்ததுபோல ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"குப்பையா?"

"ஆமா சார். குப்பை வண்டி வந்தா இது..."

"ஜூன்ல அமைச்சகத்துலேர்ந்து மதிப்பீட்டுக் குழு வருதும்மா. மொதப் பக்கத்துலயே குப்பைனு இருந்தா நம்ம காலேஜப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உள்ளதத்தான் நினைப்பாங்க" என்று போஹான் என் காதில் சொன்னான்.

பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டுத் தலைப்பைத் தானே எழுதினார். செயற்கை நுண்ணறிவின் வழியே நகர்ப்புற ஒலிச்சூழலை உணர்ந்து கார்பன் சமநிலையை நோக்கி வழிநடத்தும் அணியத்தகு மேடை.

"சார், இதுல நுண்ணறிவெல்லாம் ஒண்ணும் இல்லையே. பாட்டு கேட்டா அதிரும், அவ்ளோதான்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தலைப்புக்கு எதுக்குத் தெரியணும்?"

இப்படிச் சொல்லிவிட்டுத் தொழில்துறைப் பயணம் போனவரை அடுத்த ஏழு மாதம் நாங்கள் பார்க்கவில்லை. அவர் எந்தத் தொழிலைப் பார்க்கப் போனார் என்பது அவருடைய தொழில் ரகசியம்.

அலுவலகத்தைக் காத்துக்கொண்டிருந்தவர் பெங் மேடம். அவர் மேசைக்குப் பின்னால் மதிப்பெண் விவரம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆவணங்கள் எழுபது. உடை பத்து. விளக்க உரை பத்து. பச்சைப் பாக்கெட் ஐந்து. கருவி இயங்குதல் ஐந்து. மொத்தத்தில் அறுபது வாங்கினால் தேர்ச்சி.

பச்சைப் பாக்கெட் என்பது சோளத்தில் செய்த தேங்காய் மணக்கும் நொறுக்குத்தீனி. அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்று பொருள். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் ஒன்று இருக்கும். அது இருந்தால் இயந்திரம் சண்டித்தனம் செய்யாது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் அந்த நிற விளக்கே எரியும். காலாவதியாகக் கூடாது. காவலில் இருக்கும் பாக்கெட்டைத் தின்றவனை மேலாளர்கூட மன்னிக்க மாட்டார். இதையெல்லாம் நானும் நம்புகிறவள்தான், ஒளிக்கவில்லை. ஆனால் நாங்கள் அதை இயந்திரம் ஓடுவதற்காக வைக்கிறோம். கல்லூரியில் இயந்திரம் ஓடுவதற்கும் பாக்கெட் இருப்பதற்கும் சம மதிப்பெண்.

ஒவ்வொரு தாளுக்கும் பெங் மேடத்திடம் முத்திரை வாங்க வேண்டும். புதன்கிழமை மட்டும், ஐந்து மணிக்குள். எனக்கு வேலை முடிவதே ஐந்துக்கு. அரைநாள் விடுப்பு எடுத்து எடுத்து, மார்ச்சில் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"படிப்பா, வேலையா? ஏதாவது ஒண்ணச் சொல்லு."

"வேலை போகக்கூடாதுன்னுதான் சார் படிக்கிறேன்."

"படிக்கிறதாலேயே போயிடும் போலிருக்கே."

அந்தப் புதன்கிழமை கோபத்தோடு பெங் மேடத்தின் முன் நின்றேன்.

"மேடம், இது மாலைக் காலேஜ்தானே? ஆபீஸ மாலையில திறந்து வெச்சா என்ன?"

"மாலையில நாங்க வீட்டுக்குப் போக வேணாமா? எங்களுக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கும்மா."

குடும்பம் இல்லாதவர்கள் நாங்கள்தான் போலிருக்கிறது. அன்று யூன்ஷிக்கு நல்ல காய்ச்சல். மருத்துவரிடம் கூட்டிப்போனவர் வென்பின். மருத்துவர் சொன்னது இவருக்குக் கேட்காமல் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நான் அந்த நேரம் முத்திரை காயட்டும் என்று ஒரு தாளை ஊதிக்கொண்டு நின்றேன்.

மே மாதம் பெங் மேடம் புதிதாக ஒன்று கேட்டார்.

"பதினெட்டு வாரச் சந்திப்புப் பதிவேடு எங்க? வழிகாட்டியோட நீங்க உக்காந்திருக்கிற போட்டோ, வாரத்துக்கு ஒண்ணு."

"சந்திப்பே நடக்கலையே மேடம். சார் ஊர்லயே இல்லையே."

"நடந்துச்சான்னு நான் கேக்கல. பதிவேடு இருக்கானு கேட்டேன்."

அந்தச் சனிக்கிழமை, ஊருக்குத் திரும்பியிருந்த பேராசிரியரையும் எங்களையும் ஓர் அறையில் உட்காரவைத்துப் பெங் மேடமே படம் எடுத்தார். இதில் அவருக்கு வருடக்கணக்கில் பழக்கம் இருந்தது. அலுவலக அலமாரியில் இதற்கென்றே ஒரு பெட்டி நிறைய டை, நாலு குளிர்கால கோட்டு, இரண்டு கம்பளித் துண்டு, ஒரு குடை. கையில் வாரவாரியாக வானிலைக் குறிப்பு.

"அக்டோபர் கடைசி வாரம், லேசான குளிர். சட்டை மேல ஒரு பொத்தான் போட்டுக்கங்க. அடுத்து டிசம்பர், கோட்டு. சார், டைய மாத்துங்க. ஜனவரி ரெண்டாம் வாரம் மழை, அந்தக் குடைய ஓரமா சாய்ச்சு வைங்க."

வெளியே முப்பத்து மூன்று டிகிரி. கம்பளித் துண்டுக்குள் தூ அண்ணன் அவிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, ஜனவரில இப்படி வேர்க்காது. தொடைச்சுக்கங்க."

"லிஃப்ட்டு கிணத்துக்குள்ள எறங்கினாக்கூட இவ்ளோ வேர்த்ததில்ல மேடம்."

இருபது நிமிடத்தில் பதினெட்டு வாரம் கடந்தது. ஒவ்வொரு படத்திலும் பேராசிரியர் பெட்டியை நோக்கி விரலை நீட்டி ஆழமாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது வாரத்தில் விரலை எடுக்காமலே என்னைக் கேட்டார்.

"ஆமா, இந்தப் பெட்டி என்ன பண்ணும்?"

"குப்பை வண்டி வர்றதச் சொல்லும் சார்."

"அட, நல்லாருக்கே. யாரோட யோசனை?"

ஜூன் இருபத்தைந்தாம் தேதி எங்கள் செயல்விளக்கம். மறுநாள் காலை எட்டு மணிக்கு மதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வருகிறது. இப்போதெல்லாம் படிக்கப் பிள்ளைகளே குறைந்துவிட்டதால் வருடத்துக்கு இரண்டு கல்லூரிக்காவது அமைச்சகம் பூட்டுப் போடுகிறது. தங்கள் தலைக்கு மேலும் அந்தப் பூட்டு ஆடுவது எங்கள் கல்லூரிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் கட்டடமே கழுவித் துடைத்து வைத்திருந்தது. தரையில் சறுக்கி ஒருவர் விழுந்தும் இருந்தார்.

வாசலில் பெங் மேடம் ஒவ்வொரு குழுவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பச்சைப் பாக்கெட் கொடுத்தார். நான் தொழிற்சாலைப் பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். போன மதிப்பீட்டுக்கு மொத்தமாக வாங்கியது. தேதி போய் இரண்டு வருடம்.

"மேடம், இது காலாவதி ஆயிடுச்சு."

"பாக்கெட்டுல ஆயிருக்கலாம். இருப்புப் பதிவேட்டுல இன்னும் ஆகல."

தேதி போன பாக்கெட்டை இயந்திரத்தின் மேல் வைப்பதைவிட வெறுங்கையோடு போகலாம். எங்கள் வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் ஓடிப்போய் மூலைக்கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்து பெட்டியின் மேல் வைத்தேன். மற்ற பதின்மூன்று குழுவும் கல்லூரி கொடுத்ததையே வைத்தன.

எங்கள் நேரம் மூன்று இருபது. நடுவில் டீன் லெய். பக்கத்தில் பேராசிரியர் ஓயாங். டீன் எங்கள் பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நாலு கோணத்தில் படம் எடுக்கவைத்தார். பிறகு பேச ஆரம்பித்ததில் கழற்ற மறந்துபோனார்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க."

போஹான் செல்போனில் பதிந்து வைத்திருந்த வண்டிப் பாட்டை எடுத்தான். டீன் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பதிவு பண்ண சத்தம் சாட்சி ஆகாது. இந்தக் காலேஜ்ல போலிக்கு எடமில்ல. நெசமான வண்டி வேணும்."

பதினெட்டுப் படமும் அவர் மேசைமேல்தான் விரித்துக் கிடந்தன.

"சார், இந்தத் தெருவுக்கு வண்டி ஆறே முக்காலுக்குத்தான் வரும்."

"உங்க நேரம் மூணு முப்பத்தஞ்சு வரைக்கும். அதுக்குள்ள வரச் சொல்லுங்க."

"நேரடி ஒலிதான் இதோட உயிர்னு நான் மொதல்லேர்ந்தே சொல்லிட்டு வரேன்" என்று பேராசிரியர் ஓயாங் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

பதினைந்து நிமிடம் குப்பை வண்டிக்காக எல்லாரும் மௌனமாகக் காத்திருந்தோம். வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்கு அன்று பூசாரி இரண்டு பேர். என் கண் முன்னால் ஜூன் முப்பது என்ற தேதி மட்டும் நின்றது.

எல்லாக் குழுவும் முடிந்ததும் டீன் முடிவுரை ஆற்ற எழுந்தார். மறுநாள் மதிப்பீட்டுக் குழுவின் முன் பேச வேண்டியதை எங்களிடம் ஒத்திகை பார்க்கிறார் என்பது போகப்போகத்தான் புரிந்தது. ஐந்து மணிக்குக் கார்பன் சமநிலை விதிப்படி ஏசி தானாக நின்றது. அவர் நிற்கவில்லை; ஆறரை தாண்டியும் பேசினார். வெப்பம் தாங்காமல் தூ அண்ணன் எழுந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

"நம்ம மாணவர்கள் வேலைக்குப் போறவங்க" என்றார் டீன். "அவங்களோட நேரம் விலைமதிப்பில்லாதது. அதனாலதான் அதுல ஒரு நிமிஷத்தக்கூட நாங்க விட்டு வெக்கிறதில்ல. இங்க சேர்ற நூறு பேர்ல நாப்பது பேர் படிப்ப முடிக்கிறதில்ல. சிலர் இதக் குறைனு சொல்றாங்க. நான் தரம்னு சொல்றேன். மீதி அறுபது பேருக்கும் இதே தரத்த எப்படிக் கொண்டு போறதுங்கறதுதான் இப்ப நம்ம முன்னால இருக்கிற கேள்வி. ஒரு கருவி இன்னைக்கு ஓடும், நாளைக்கு நின்னுடும். ஆனா ஆவணம் ஓடறதும் இல்ல, நிக்கறதும் இல்ல..."

அங்கே அவர் நின்றார். இடது கையை மெல்ல உயர்த்திப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பெங், என் கை நடுங்குது. தானா நடுங்குது. டாக்டரக் கூப்பிடுங்க."

அறை முழுக்கக் கலவரம். பேராசிரியர் ஓயாங் டீனின் டையைத் தளர்த்தினார். யாரோ தண்ணீர் என்றார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சார், உங்களுக்கு ஒண்ணும் இல்ல. குப்பை வண்டி வருது."

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் தூரத்தில் அந்தப் பாட்டு மெல்ல எழுந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையாக அது ஒலித்ததில்லை. நாற்காலியிலிருந்து முதலில் துள்ளியவர் பெங் மேடம்.

"சாப்பாட்டு டப்பா. மத்தியானம் தின்ன நூத்தி இருபது டப்பாவும் பின்கட்டுல கெடக்கு. காலையில குழு வருது."

அடுத்த நிமிடம் கல்லூரியே படியிறங்கி ஓடியது. நான் இரண்டு பை, போஹான் நாலு பை. டீன் லெய் கையில் அதிரும் பட்டையோடு மூன்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். பேராசிரியர் ஓயாங் தூக்கி வந்த கட்டுக்குள் போன வருட மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகள் இருந்தன. பத்து ஆண்டு பாதுகாக்க வேண்டியவை என்று அட்டையில் முத்திரை இருந்தது.

வண்டியின் பின்னால் நின்றிருந்த தொழிலாளி டீனின் பையை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எச்சில் சோறு வேற, காகிதம் வேற. பிரிச்சுக் கொண்டா பெரியவரே. படிச்ச ஆளுதானே?"

டீன் தெருவில் குந்தி உட்கார்ந்து சோற்றையும் டப்பாவையும் பிரித்தார். அந்தத் தொழிலாளி எங்கள் அலுவலகத்தைவிடக் கறார். ஆனால் நூற்றிருபது டப்பாவையும் மூன்று நிமிடத்தில் ஏற்றி அனுப்பினார், யாரிடமும் முத்திரை கேட்கவில்லை.

மேலே வந்து மூச்சு வாங்கியபின் எங்கள் மதிப்பெண்ணை வாசித்தார்கள். ஆவணங்கள் நாற்பத்து மூன்று. பதினெட்டு வாரமும் நான் கோட்டு மாற்றியிருக்கிறேன், துண்டு மாற்றியிருக்கிறேன்; காலில் மட்டும் தொழிற்சாலையின் நீலக் காலணி மாறவே இல்லை என்று படம் எடுத்த பெங் மேடமே கண்டுபிடித்து எழுதியிருந்தார். உடை நான்கு, அன்றும் அதே காலணி. உரை எட்டு. கருவி இயங்குதல் பூஜ்யம்.

"சார், இயங்குச்சே. உங்க கையிலதான இயங்குச்சு?"

"இயங்குச்சு" என்றார் டீன், விரலில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துக்கொண்டே. "ஆனா உங்களுக்கு ஒதுக்கின நேரத்துல இயங்கல. என் நேரத்துல இயங்குச்சு."

கூட்டினேன். ஐம்பத்தைந்து. பதினான்கு வருட வேலை ஐந்து மதிப்பெண்ணில் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தும் அழுகை வரவில்லை. வெறும் எரிச்சல்தான் வந்தது. அப்போது பெங் மேடம் மேசை மேசையாகப் போய்ப் பச்சைப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். கல்லூரி கொடுத்த பாக்கெட் வைத்திருந்த பதின்மூன்று குழுவுக்கும் காலாவதி என்று பூஜ்யம் போட்டார். எங்களுடையது அடுத்த பிப்ரவரி வரைக்கும் செல்லும். ஐந்து.

அறுபது. எட்டு மாதம் நாங்கள் மூன்று பேர் செய்ய முடியாததை மூலைக்கடையில் வாங்கிய ஒரு தீனிப் பாக்கெட் செய்து முடித்தது.

பெட்டியை எடுத்துக்கொள்ளப் போனபோது பெங் மேடம் தடுத்தார். சிறந்த படைப்புகள் கல்லூரியின் சொத்து என்று விதி முப்பத்தொன்று சொல்கிறதாம். இயங்கவில்லை என்று பூஜ்யம் வாங்கிய எங்கள் கருவி, பட்டையோடும் நீண்ட தலைப்போடும் வரவேற்பறைக் கண்ணாடிப் பேழைக்குள் போனது. மதிப்பீட்டுக் குழுவின் முன் சத்தம் போட்டு மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். சமர்த்தாக இருக்கட்டும் என்று பாக்கெட்டை மட்டும் மேலே வைத்திருந்தார்கள்.

சான்றிதழை இருபத்தொன்பதாம் தேதி வாங்கி முப்பதாம் தேதி கொடுத்தேன். மேற்பார்வையாளர் புராஜெக்ட்டின் தலைப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, என்னை அதுவரை இல்லாத மரியாதையோடு பார்த்தார். எனக்கு டெக்னீஷியன் வேலை உறுதியானது.

ஜூலை முதல் திங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு ஏழு மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். வென்பின் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எழுத்து ஓடுகிற செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் பாட்டு கேட்டது. நான் எழுந்துபோய் அவர் தோளைத் தட்டினேன். அவர் பழக்கத்தில் முதலில் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பட்டை எங்க?" என்றார், தனக்குக் கேட்க வேண்டும் என்று எப்போதும் பேசுகிற அந்த உரத்த குரலில்.

உதடு தெரிகிற மாதிரி முன்னால் போய் நின்று சொன்னேன். "காலேஜ்ல கண்ணாடிக்குள்ள வெச்சிட்டாங்க. இனிமே அது வேணாம். சாயங்காலத்துல நான்தான் இருக்கேனே."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனார். என்னவோ கணக்குப் போடுகிறவர்போல அங்கே நின்று திரும்பினார்.

"அப்ப நீ காலேஜுக்கே போகாம இருந்திருந்தா, இந்தக் கருவியே தேவைப்பட்டிருக்காதுல்ல?"

கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எட்டு மாதமாகத் தலைப்பு, பதிவேடு, முத்திரை என்று அத்தனை பேர் உட்கார்ந்து பார்த்த புராஜெக்ட்டில் யாருமே கேட்காத கேள்வி அது.

"வண்டி போயிடும்" என்றேன். "எறங்குங்க."